பெற்றவள் பெயர்

மைராம்கான் முதல் நாள் என் வண்டியில் ஏறியதும் கதவை அறைந்து சாத்தினாள். அப்போதே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. என் வண்டி பழசு. அதன் உருவத்தைப் பார்த்து ஊரில் எல்லாரும் 'ரொட்டி' என்பார்கள். கதவை மெதுவாகச் சாத்தினால் மூடும், அறைந்தால் திறந்துகொள்ளும். அதை அவளிடம் சொன்னேன்.

"அப்ப இது வண்டி இல்ல பைகே, என் மாமியார்" என்றாள்.

என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அதனால் பைகே, அதாவது அண்ணா. வார்த்தையில் மட்டும்தான் மரியாதை. வாய் நிறைய சூரியகாந்தி விதை, முன்பல் இரண்டு தங்கம், குரலைக் கேட்டால் சந்தையில் கழுதைகள் திரும்பிப் பார்க்கும். இவளோடு ஒரு குளிர்காலம் முழுக்க எப்படிக் காலம் தள்ளப்போகிறேன் என்று நினைத்தேன்.

நான் லாரி ஓட்டி ஓய்ந்தவன். எங்கள் ஓஷ் நகரத்துப் பஜாருக்குப் பின்னால், ஆட்டுச் சந்தைக்குப் போகும் சந்தில் வண்டியை நிறுத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார்கள். உள்ளே ஒரு திரை, ஒரு மேசை, இரண்டு முக்காலி, சின்ன அடுப்பு. வெளியே ஒரு எழுத்துகூடக் கிடையாது. தலைநகரிலிருந்து ரெகினா என்று ஒரு டாக்டர் பெண் வந்திருந்தாள். எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் ரஷ்யாவில் கொத்து வேலைக்கும் மூட்டை தூக்கவும் போயிருக்கிறார்களே, அவர்களுடைய மனைவிமார்களில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, எத்தனை பேருக்கு அது தெரியும் என்று பார்ப்பதுதான் அவர்கள் ஆய்வு. வருகிற பெண் கேள்விகளுக்குப் பதில் சொல்வாள், ரத்தம் கொடுப்பாள், ஒரு தேயிலைப் பொட்டலமும் சோப்பும் வாங்கிக்கொள்வாள். போகும்போது மூன்று சீட்டு கொடுப்பார்கள். தனக்குத் தெரிந்த மூன்று பெண்களிடம் அதைத் தர வேண்டும். அவர்கள் வந்தால் அவர்களுக்கும் மூன்று. யார் யாரை அனுப்பினார்கள் என்று தெரிய ஒவ்வொரு சீட்டிலும் ஒரு எண். ஊர்வம்பு பரவுகிற அதே வழியில்தான் அந்த ஆய்வும் பரவிற்று.

யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு குறி. தாய் பெயரின் முதல் எழுத்துகள், தந்தை பெயரின் முதல் எழுத்துகள், பிறந்த வருடம். எப்போது வந்து சொன்னாலும் அதே குறி வரும், எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றாள் ரெகினா. படித்த பெண். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மைராம்கானின் வேலை பேசுவது. வருகிற பெண்களின் பயத்தைப் போக்குவது, ரிசல்ட் வந்ததும் அதைச் சொல்வது. அவளுக்கே அந்த நோய் பதினாலு வருடமாக இருக்கிறது என்று இரண்டாவது வாரம்தான் எனக்குத் தெரிந்தது. வந்த ஒருத்தியிடம் திரைக்கு அந்தப் பக்கம் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மாலையே நான் வீட்டிலிருந்து எனக்கென்று தனியாக ஒரு டீக் கிண்ணம் கொண்டுவந்து இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே. மறுநாள் அவள் அதை எடுத்து, துடைத்து, டீ ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"நல்ல கிண்ணம் பைகே. பூப் போட்டிருக்கு. இனிமே இதுல நீங்க மட்டும் குடிங்க. எங்களுக்கெல்லாம் உங்க வியாதி ஒட்டிடக் கூடாது பாருங்க."

"எனக்கென்ன வியாதி?"

"பயம்."

நான் அந்தக் கிண்ணத்தைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.

அவள் கதையை அவளே எனக்குச் சொன்னாள், தவணை தவணையாக, விதை கொறித்தபடி. இளவயதில் அவளும் அவள் புருஷனும் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஹெராயின் அந்த நாளில் எங்கள் மலைப்பாதைகளில் மாவு மூட்டை மாதிரி இறங்கிற்று. புருஷன் செத்தான். அவள் சிறைக்குப் போய் மீண்டாள், விட்டொழித்தாள். ஒரு பையன் இருந்தான். அவன் வயிற்றில் இருந்தபோது எங்கோ ஓரிடத்தில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் வந்தும் இருக்கிறது. எழுதிக் கொடுத்த விலாசத்தில் இவள் இல்லை, தேட யாருக்கும் தோன்றவில்லை. தாள் ஒரு மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. பையன் இரண்டு வயதில் போனான். அதற்கப்புறம்தான் அந்தத் தாள் இவள் கைக்கு வந்தது.

"மாத்திரை இருந்துச்சு பைகே, அப்பவே இருந்துச்சு. நான் சாப்ட்டிருந்தா அவனுக்கு வந்திருக்காது. ஒரு தாள். ஒரே ஒரு தாள்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு முறைதான் அவள் குரலைத் தணித்துப் பேசிக் கேட்டேன்.

அக்டோபரில் ரத்தம் எடுத்து முடித்துவிட்டு ரெகினா தலைநகருக்குப் போய்விட்டாள். நவம்பரில் ரிசல்ட் பட்டியல் வந்தது. குறிகளும் எதிரே பதில்களும். பெண்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் குறியைச் சொல்லித் தெரிந்துகொண்டு போனார்கள். நோய் இருக்கிறது என்று வந்தவர்கள் ஏழு பேர். ஆறு பேரை மைராம்கான் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டாள். ஒருத்தி மட்டும் வரவில்லை. தாய் 'சை', தந்தை 'உலா', பிறந்த வருடப்படி வயது இருபத்து மூன்று. டிசம்பர் போயிற்று, ஜனவரி போயிற்று, பிப்ரவரியும் போயிற்று. மைராம்கான் தினமும் காலையில் பட்டியலை எடுத்து அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பாள்.

மார்ச் முதல் வாரம் ரெகினா போன் செய்தாள். பேசி முடித்து மைராம்கான் முக்காலியில் உட்கார்ந்தாள். வாயில் விதை இல்லை.

"கேள்வித் தாள்களை இப்பத்தான் குறியோட சேத்துப் பாத்திருக்காங்க பைகே. அந்த 'சை-உலா' பொண்ணு அக்டோபர்லயே நாள் தள்ளிப்போயிருக்குன்னு சொல்லியிருக்கா."

நான் விரல் விட்டு எண்ணினேன். "அப்ப மே கடைசில பிரசவம்."

"இன்னும் பன்னெண்டு வாரம். இப்ப மாத்திரை ஆரம்பிச்சாக்கூட பிள்ளை தப்பிச்சுக்கும். வீட்லயே பெத்துட்டான்னா போச்சு."

யார் அவள்? சீட்டைக் கொண்டு பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். அவளுக்குச் சீட்டுக் கொடுத்தவளும் ரஷ்யாவுக்குப் போய்விட்டாள். கர்ப்பமென்றால் எப்படியும் ஒரு டாக்டர் பார்த்திருப்பாரே என்று கேட்டேன். மேல் கிராமங்களில் யார் இருக்கிறார்கள் பார்ப்பதற்கு? பல ஊர்களில் மருத்துவச்சியே மாஸ்கோவில் தரை துடைக்கப் போய்விட்டாள்.

விடை என் சட்டைப் பையிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை.

எங்கள் வசந்தப் பண்டிகையான நூருஸுக்கு இரண்டு நாள் முன்பு. வண்டிக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். என் மகன் அல்மாஸ் போன் செய்தான். முப்பது வயது, அவனுக்கே இரண்டு பிள்ளைகள். கிண்ணத்தைக் கீழே வைக்கச் சோம்பல்பட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"பைகே, பண்டிகைக்கு நாங்க வரல. அம்மா கல்லறைக்கு நீங்களே போய்ட்டு வந்துடுங்க. அண்ணிய கேட்டதா சொல்லுங்க."

வைத்துவிட்டான். மைராம்கான் என்னைப் பார்த்தாள்.

"தம்பியா?"

"மகன்."

எங்கள் பக்கத்தில் இது புதுசில்லை. முதல் பிள்ளை பிறந்தால் கணவனைப் பெற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் மடியில் அவர்கள் பிள்ளையாகவே வளரும். அவர்கள்தான் அம்மா, அப்பா. பெற்றவர்கள் அண்ணனும் அண்ணியும். என் மனைவி குல்சுன் பெற்றாள், நாற்பதாம் நாள் என் தாய் வாங்கிக்கொண்டாள். யாரும் அழவில்லை, அழக் கூடாது. அது பெருமை.

மைராம்கான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பைகே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க பையன்கிட்ட நான் 'உன் அம்மா பேரு என்ன'ன்னு கேட்டா யாரு பேர சொல்வான்?"

"என் அம்மா பேரத்தான்."

"பாஸ்போர்ட்ல?"

"அதுல குல்சுன் பேரு. ஏன்?"

 அவள் வருகிறவர்களைக் குறித்து வைக்கும் நோட்டை எடுத்து ஜனவரிப் பக்கங்களைப் புரட்டினாள்.  ஒரு ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: தாய் 'பூபூ', தந்தை 'காதி', அதே பிறந்த வருடம், பட்டியலில் இல்லை.

எனக்கும் அந்த நாள் நினைவு வந்தது. நல்ல பனி. தடித்த அங்கி போட்ட ஒரு சின்னப் பெண் வந்தாள், வயிறு லேசாகத் தெரிந்தது. ரத்தம் கொடுத்தபோது வாங்கிய சீட்டு எங்கே என்று மைராம்கான் கேட்டாள். அத்தை பார்த்துவிடுவாள் என்று அடுப்பில் போட்டுவிட்டேன் என்றாள். சரி, உன் அம்மா பேரு, அப்பா பேரு சொல்லு. சொன்னாள். பட்டியலில் அந்தக் குறி இல்லை. இன்னும் வரவில்லையம்மா, அடுத்த வாரம் வா. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். திரும்பி வரவே இல்லை.

"ரெகினா பட்டணத்துப் பொண்ணு. ரஷ்யன்ல கேட்டிருப்பா, பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி சொல்லுங்கன்னு. அதனால அக்டோபர்ல பெத்தவ பேரு" என்றாள் மைராம்கான். "நான் நம்ம பாஷைல கேட்டேன். அம்மா பேரு என்னன்னு. வளத்தவ பேர சொல்லிட்டா. நம்ம ஊர்ல பொறந்து வளந்த எனக்குத் தோணல பாருங்க. கையில வந்த பொண்ண நானே திருப்பி அனுப்பிட்டேன். நானே."

"இருபத்து மூணு வயசு ஆயிரம் பேருக்கு இருக்கும். அவதான்னு என்ன நிச்சயம்?"

"கேட்டாத்தான் தெரியும். ஆனா எங்கன்னு போய்க் கேப்பேன்?"

அது எனக்குத் தெரியும். பனி அதிகமாக இருந்ததால் அன்று நான்தான் அவளைக் கொண்டுபோய் விட்டேன். தாஷ்-கெச்சூ கிராமத்துக்குப் பிரிகிற மில் முனையில் இறக்கினேன். வழி முழுக்க ஒரு அட்டைப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தாள். டிவியில் படம் வர வைக்கிற பெட்டி. ரிப்பேர் பண்ணத்தான் அவளைப் பஜாருக்கு அனுப்பியிருக்கிறாள் மாமியார்.

மைராம்கான் ரெகினாவைக் கூப்பிட்டாள். ரெகினா பதறிப்போனாள். வீடு தேடிப் போகக் கூடாது, அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம், பேர் கேட்க மாட்டோம், வாசலுக்கு வர மாட்டோம் என்று. ஒரு பெண்ணின் வீட்டில் தெரிந்தால் அவள் கதி என்ன? சரியாகத்தான் பேசினாள். மைராம்கான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிம்மா. பேரு கேக்க மாட்டேன். வியாதி பேச்ச யார் முன்னாடியும் எடுக்க மாட்டேன். ஆனா வண்டி ரிப்பேராகி நின்னா பக்கத்து வீட்ல டீ குடிக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையே?"

 "வண்டி நிஜமாவே பழசுதான்" என்றாள் ரெகினா.

என் வண்டியைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறார்கள்.

மறுநாள் காலை தாஷ்-கெச்சூவுக்குப் போனோம். அந்தப் பெட்டி எந்த வீட்டுக்குப் போயிற்று என்று தெரிந்துகொள்ள, மில்லில் நின்ற ஒருவனிடம், இந்த ஊரில் துருக்கி சீரியல் எந்த வீட்டில் தெளிவாகத் தெரியும் என்று கேட்டேன். சூராகான் வீட்டில்தான், தெருவே அங்கேதான் பார்க்கிறது என்று நீலக் கதவைக் காட்டினான். கதவுக்கு நேரே நிறுத்தி, மூடியைத் திறந்து, நல்ல வயர் ஒன்றைப் பிடுங்கினேன். நாற்பது வருடம் வண்டி ஓட்டியவன், வேண்டுமென்று கெடுத்தது அன்றுதான்.

சூராகான் வெளியே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கம்பு மாதிரி நிமிர்ந்த உடம்பு, எதையும் நம்பாத கண்.

"எந்த ஆபீஸ் வண்டி இது?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் தயாராகவே இல்லை. என் வாயில் வந்தது வந்தபடி சொன்னேன்: "ஆட்டு டாக்டர் வண்டி."

மைராம்கான் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. சூராகான் முகம் மலர்ந்துவிட்டது.

"கடவுளே அனுப்பிவச்சான்! என் கெடா ஒண்ணு மூணு நாளா காலை ஊனல. கொட்டகைக்கு வாங்க."

"நான் வெறும் டிரைவர்..."

"டிரைவருக்குக் கண்ணு இல்லையா? வாங்க."

அப்படித்தான் நான் கொட்டகைக்கும் மைராம்கான் வீட்டுக்குள்ளும் போனோம். கிடாவின் காலைத் தூக்கி, குளம்பைத் தட்டி, வாயைத் திறந்து பார்த்து, 'ம்' என்று தலையாட்டினேன். ஆட்டுக்கு வாயில் என்ன பார்க்க வேண்டும் என்று சூராகான் கேட்டாள். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கும் என்றேன். குளம்பு இடுக்கில் ஒரு முள் இருந்தது, என் அதிர்ஷ்டம். அதை எடுக்க முடிந்தமட்டும் நேரம் எடுத்துக்கொண்டேன்.

கொட்டகையிலிருந்து வீட்டு நடை தெரிந்தது. விருந்தாளி வந்தால் டீக்கு முன்னால் மருமகள் கெண்டியில் வெந்நீர் கொண்டுவந்து கையில் ஊற்றுவாள். அந்தப் பெண்தான் ஊற்றினாள். வயிறு நன்றாக முன்னால் வந்திருந்தது. மைராம்கான் தொட்டிக்கு மேல் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றாள். கை கழுவ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அங்கே பேசியதை அவளே எனக்குப் பிறகு சொன்னாள். அந்தப் பெண் அவளை எஜே, அதாவது அக்கா என்று கூப்பிட்டாளாம்.

"என்னை ஞாபகம் இருக்கா?"

"இருக்கு எஜே. அன்னைக்கு ரிசல்ட் வரலன்னு சொன்னீங்க. அப்புறம் அத்தை அனுப்பவே இல்ல."

"உன்னை வளத்தது யாரு?"

"பாட்டியும் தாத்தாவும். நான் மூத்தவ."

"உன்னைப் பெத்தவ பேரு என்ன?"

"அண்ணி பேரா? சைரகுல்."

"பெத்தவன் பேரு?"

"உலான்பெக். ஏன் எஜே?"

தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. மைராம்கான் சொன்னாள். ஒரே மூச்சில், மறைக்காமல், மெதுவான குரலில். பட்டியலில் உன் பதில் இருந்தது, நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேன். உனக்கு அந்த நோய் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, பதினாலு வருடமாக. என் கையைப் பார், உயிரோடுதான் இருக்கிறேன். உன் பிள்ளைக்கு வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறது, நாள் கொஞ்சம்தான் இருக்கிறது.

கெண்டி தொட்டியில் இடித்து ஒலித்தது.

"நான் யாரையும்... எஜே, அவரத் தவிர நான் யாரையும்..."

"தெரியும்டி. நீ ஒண்ணும் பண்ணல. பனில நின்னு தண்ணி தூக்கறதத் தவிர நீ என்ன பண்ணிருக்கப்போற? அழாத. இப்ப அழுதா அவங்க பாத்துடுவாங்க. ஊத்து, ஊத்திக்கிட்டே இரு. அவன் வரட்டும், அவனையும் நான் பாத்துக்கறேன்."

"அத்தைக்குத் தெரிஞ்சா..."

"என் வாயால தெரியாது. உன் வாயால சொல்லணுமா வேணாமான்னு நீ முடிவு பண்ணு."

கெண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நான் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

அவளை வீட்டிலிருந்து எப்படிக் கிளப்புவது? டீ ஊற்றும்போது மைராம்கான் தன் பழைய குரலுக்கு வந்துவிட்டாள். தான் பிரசவ டாக்டரிடம் வேலை பார்ப்பதாகவும், போகிற வழிக்கு இந்த ஆட்டு வண்டியில் ஏறிக்கொண்டதாகவும் ஒரு போடு போட்டாள். பிறகு மருமகளின் காலைக் காட்டினாள்.

"என்ன இப்படி வீங்கியிருக்கு! டாக்டர் பாத்தாங்களா?"

"நாங்கல்லாம் பெத்தப்ப எந்த டாக்டர் பாத்தான்?" என்றாள் சூராகான்.

"மூத்த பேரப்பிள்ளையா?"

"ஆமா. என் மடிக்கு வரப்போற பிள்ளை."

"அதான் கேக்கறேன். மருமகளுக்குன்னா சரி, விட்டுடலாம். உங்க பிள்ளையாச்சே! இதோ வண்டி நிக்குது, ஓஷ்ல காட்டிட்டு சாயந்தரமே கொண்டுவந்து விட்டுடறோம்."

சூராகான் ரொட்டியைப் பிய்த்தபடி யோசித்தாள். எழுந்தாள். "அப்ப நானும் வர்றேன்" என்று தலைத்துணியை மாற்றப் போனாள். வந்து என் பக்கத்தில் முன் இருக்கையில் ஏறினாள். ஓஷ் போய்ச் சேர்கிற வரைக்கும் எனக்கு ஆட்டு வைத்தியத்தில் பரீட்சைதான். ஆட்டுக்குக் கழிச்சல் வந்தால் என்ன கொடுப்பீர்கள், குட்டி குறுக்கே நின்றால் என்ன செய்வீர்கள். சொன்ன பதில்களை நினைத்தால் அந்த ஆடுகளுக்காக இப்போதும் பாவமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மருமகளை மைராம்கான் உள்ளே கூட்டிப் போனாள். மறுபடி ரத்தம் எடுத்து உறுதி செய்தார்கள். ஒரு வாரத்தில் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. கர்ப்பத்துக்கு இரும்புச் சத்து என்று சொல்லி அந்தப் பெண் தினம் சாயங்காலம் விழுங்கினாள். பத்து நாளுக்கு ஒரு முறை என் வண்டி தாஷ்-கெச்சூ போயிற்று. பிரசவம் ஓஷில்தான் என்று சூராகானைச் சம்மதிக்க வைக்க மைராம்கானுக்கு மூன்று நடை ஆயிற்று. மே மாதம் இருபத்தெட்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது.

தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்றார்கள். எங்கள் பக்கத்தில் பால் கொடுக்காத தாயை ஊர் சும்மா விடாது. இங்கேதான் எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்று நான் பயந்தேன். பால் இல்லை என்று மைராம்கான் சொன்னாள். சூராகான் மருமகளின் நனைந்திருந்த சட்டையைப் பார்த்தாள். பிறகு மைராம்கானைப் பார்த்தாள்.  "பால் மாவுக்குத் தண்ணி எவ்வளவு நேரம் கொதிக்கணும்?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு புட்டிக்கும் அவளே தண்ணீர் கொதிக்க வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாயைத் திறந்தபோது, எங்க வம்சத்துலயே பால் கம்மி, உனக்கென்ன என்று விரட்டினாளாம். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசிச் சோதனைக்கு ரத்தம் எடுக்கக் குழந்தையை அக்டோபரில் எங்கள் வண்டிக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்ணின் புருஷன் இன்னும் ரஷ்யாவில்தான். மைராம்கான் அவனோடு போனில் சண்டை போட்டு, அங்கேயே ரத்தம் கொடுக்க வைத்துவிட்டிருந்தாள். குழந்தை சூராகான் மடியில் இருந்தது. நாற்பதாம் நாளே தொட்டிலை அவள் தன் அறைக்கு மாற்றிவிட்டாள். மருமகள் கதவோரம் நின்றாள், மாமியார் உட்கார்ந்திருக்கும்போது அவள் உட்காருவதில்லை. நான் குளிருக்குப் பயந்து அடுப்பருகில் இருந்தேன்.

ரத்தம் எடுத்தாயிற்று. மைராம்கான் தாளை எடுத்தாள்.

"பிள்ளையோட தாய் பேரு?"

"சூராகான்" என்றாள் சூராகான்.

பேனா நின்றது.

"என்ன பாக்கற? எழுது. என் பிள்ளை இது. நாளைக்கு இது என்னைத்தானே அம்மான்னு கூப்பிடப் போகுது."

மைராம்கானால் ஒன்றும் சொல்ல முடியாது. பெரியவளை மறுத்துப் பேசினால் அடுத்த முறை குழந்தை வராது. சொன்னபடி எழுதினால் ஆஸ்பத்திரி ஏட்டில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர், இன்னொரு தாள் இழுப்பறைக்குள் போகும்.  எனக்குக் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"அய்சிரெக்."

மருமகள் குரல். அவள் பெயரே எனக்கு அன்றுதான் தெரியும். அத்தனை மாதம் போய் வந்தும் யாரும் கேட்கவில்லை, அதுதான் எங்கள் வாக்கு. அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்சிரெக்னு எழுதுங்க எஜே. பெத்தது நான்."

அடுப்பில் விறகு வெடித்தது. சூராகான் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். குழந்தை சூராகானின் தலைத்துணி நுனியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது.

"எழுது, எழுது" என்றாள் சூராகான் கடைசியில். "தாள்ல அவ பேரு இருக்கட்டும். வீட்ல என் பேரு." குழந்தையை நீட்டினாள். "இந்தா, பிடி. என் கை மரத்துப்போச்சு."

மூன்று வாரத்தில் பட்டியல் வந்தது. மைராம்கான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, முதல் தடவையிலேயே கிடைத்தது. தாய் 'அய்'. எதிரே: இல்லை.

அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமாக, மூக்கைச் சிந்தி, என் பையன் என் பையன் என்று.  அவள் பாதி குடித்து வைத்திருந்த கிண்ணம் ஆறிப்போயிருந்தது. அதை எடுத்து மிச்சத்தை நான் குடித்துவிட்டு, புதிதாக ஊற்றி அவளிடம் கொடுத்தேன். அழுகைக்கு நடுவே அதைப் பார்த்துவிட்டாள்.

"வியாதி போயிடுச்சா பைகே?"

"குடி பேசாம" என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் குல்சுனிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டபடி ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமியார் முன்னாடியே சொன்னாளா? வாயத் திறந்து?"

"சொன்னா."

"என்னன்னு சொன்னா?"

"பெத்தது நான்னு."

குல்சுன் ரொட்டிமேல் துணியை இழுத்து மூடினாள். நான்கு மூலையையும் சரிசெய்தாள்.

"அப்படி ஒண்ணு சொல்லலாம்னு எனக்கு அன்னைக்குத் தெரியாமப் போச்சு" என்றாள்.